மலை விளக்கு அணைந்த பிறகு: மழை மாதங்களைக் கடக்க

வெசாக் போயா முடிந்ததும் சிவனொளிபாத மலைக்கு ஏறும் பாதையின் விளக்குகளை நிறுத்திவிடுவார்கள். டிசம்பர் போயாவிலிருந்து அதுவரைக்கும் எங்கள் இஸ்தோப்பில் நின்றால் இரவில் ஒரு வெளிச்சக் கோடு வளைந்து வளைந்து மேலே ஏறுவது தெரியும். சின்ன வயதில் அது வானத்துக்குப் போகும் பாதை என்று நினைத்திருந்தேன். விளக்கு நின்ற சில நாட்களில் மேற்கிலிருந்து முகில் ஏறி வரும். பிறகு அந்த மலையையே பார்க்க முடியாது. சில கிழமைகளில் எதிர்ச்சரிவில் இருக்கும் லயத்தை, தொழிலாளர் வரிசை வீடுகளைக்கூடப் பார்க்க முடியாது. மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை இலங்கை மலைநாட்டில் மஸ்கெலியா, நோர்வூட், பொகவந்தலாவை, வட்டவளைப் பக்கமெல்லாம் இப்படித்தான்.

நான் இந்தப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவள். 31 வருடம் படிப்பித்துவிட்டு ஓய்வில் இருக்கிறேன். இந்த நான்கு மாதத்தை எப்படிக் கடப்பது என்று எனக்கு 50 வயதுவரை தெரியாது. தெரிந்துகொண்டது இங்கே அல்ல, பின்லாந்தில். மகள் தாதியாக வேலை செய்யும் ஊலு நகரத்தில் ஒரு செப்டம்பர் கடைசி தொடங்கி நத்தார் வரை இருந்தேன். அங்கே பார்த்ததை இங்கே கொண்டுவந்து, நமது வீட்டுக்கும் நமது மழைக்கும் ஏற்றபடி மாற்றி, ஆறு மழைக்காலம் செய்துபார்த்துவிட்டேன். அதைத்தான் எழுதுகிறேன். கொழும்பிலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ நியமனம் கிடைத்து மலைக்கு வந்து, ஜூலையில் அறைக்குள் சுருண்டு கிடக்கும் இளம் ஆசிரியர்களை நினைத்தும் எழுதுகிறேன்.

முதலில் அம்மாவைப் பற்றிச் சொல்லவேண்டும். ஆடி பிறந்தால் அம்மாவுக்குப் பேச்சு நின்றுவிடும். மலைக்குப் போவார், கொழுந்து எடுப்பார், வருவார், அடுப்படியில் உட்கார்ந்து நெருப்பைப் பார்த்துக்கொண்டே இருப்பார். கூப்பிட்டால் மூன்றாவது தடவைதான் திரும்புவார். லயத்தில் சிலர் சோம்பேறி என்றார்கள். சிலர் காத்துக்கருப்பு என்றார்கள். ஒரு வருடம் பூசாரியைக் கூட்டிவந்து கயிறு கட்டினார்கள். ஐப்பசியில் வெயில் விழத்தொடங்கியதும் அம்மா பழையபடி ஆனார். கயிறு வேலை செய்தது என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன். நாற்பது வயதில் அதே மந்தம் எனக்கு வந்தபோதுதான் அம்மா என்ன பட்டிருப்பார் என்று விளங்கியது. எட்டு மணி நேரம் தூங்கினாலும் எழும்ப மனம் வராது. மாவும் சீனியுமாகவே வாய் கேட்கும். பிள்ளைகளின் பயிற்சிக் கொப்பிகள் மேசையில் குவிந்து கிடக்கும். யாராவது வந்தால் ஏன் வந்தார்கள் என்றிருக்கும். அந்த நாட்களில் நான் என்னையே திட்டிக்கொண்டது கொஞ்சமல்ல.

ஊலுவில் எனக்குக் கிடைத்த முதல் பாடம், இந்த மந்தத்தை இரண்டாகப் பிரித்துப் பார்ப்பது. ஒன்று, உடம்புக்கு வெளிச்சம் போதாத பசி. மற்றது, மனதில் ஏற்கெனவே இருக்கும் துக்கம் அமைதியான நாட்களில் மேலே வருவது. முதலாவதைப் பசி போலவே நடத்தவேண்டும், நேரத்துக்கு ஊட்டவேண்டும். இரண்டாவதுக்கு உட்கார ஓர் இடம் கொடுக்கவேண்டும். நாம் இரண்டையும் ஒன்றாகக் கட்டி, சோம்பல் என்று பெயர் வைத்துத் துரத்தப் பார்க்கிறோம்.

வெளிச்சத்தை ஊட்டுவது

ஊலு ஏறக்குறைய 65 பாகை வட அகலாங்கில் இருக்கிறது. டிசம்பர் நடுவில் சூரியன் காலை பத்தரைக்கு எழுந்து பிற்பகல் இரண்டுக்கு இறங்கிவிடும். மூன்றரை மணி நேரப் பகல். தெற்கே ஹெல்சிங்கியில் ஆறு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. வடக்கே ஊத்ஸ்யோக்கிப் பக்கம் நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடுப்பகுதிவரை சூரியன் அடிவானத்துக்கு மேலே வருவதேயில்லை. அந்தக் காலத்துக்குக் காமோஸ் என்று பெயர். ஆனால் அங்குள்ளவர்கள் அதைவிட நவம்பரைத்தான் பாரமான மாதம் என்கிறார்கள். இலை உதிர்ந்திருக்கும், வெண்பனி இன்னும் மூடியிருக்காது, மழையும் பனியும் கலந்த சேறு காலடியில் கிடக்கும். நிலத்தில் வெண்பனி விழுந்துவிட்டால் தெருவிளக்கின் வெளிச்சமே இரட்டிப்பாகத் தெரியும். அதற்கு முந்தைய கறுப்பு மண்தான் வெளிச்சத்தையெல்லாம் குடித்துவிடுகிறது. நவம்பருக்கு அவர்கள் மொழியில் மர்ராஸ்கூ என்று பெயர். மர்ராஸ் என்பது சாவைக் குறித்த பழைய சொல்.

குளிர்காலத்தோடு வந்து வசந்தத்தோடு போகும் மனச்சோர்வை ஒரு நோயாக விவரித்து 1984இல் எழுதியவர்கள் நோர்மன் ரோசென்தாலும் அவரோடு அமெரிக்காவில் வேலை செய்தவர்களும். ரோசென்தால் தென்னாபிரிக்காவின் வெயிலில் வளர்ந்து நியூயோர்க் போனவர். வெயில் நாட்டிலிருந்து போன ஒருவரின் உடம்புதான் அதை முதலில் கவனித்தது என்பதில் எனக்கொரு ஆறுதல் இருக்கிறது. நமது மழைக்கால மந்தத்துக்கு அந்த நோயின் பெயரை ஒட்ட எனக்கு உரிமையில்லை. நமக்கு வருடம் முழுவதும் ஏறக்குறைய 12 மணி நேரப் பகல் இருக்கிறது. ஆனால் அந்தப் பகலை முகில் பாதி தின்கிறது. மிச்சத்தை நமது வீடு தின்கிறது. லயத்துக் காம்பராவின் யன்னலை நினைத்துப் பாருங்கள். அதையும் குளிருக்குப் பயந்து சாத்திவிட்டு, கரிபடிந்த சுவருக்குள் ஒரு பல்பைப் போட்டுக்கொண்டு இருக்கிறோம்.

வெளிச்சத்தை லக்ஸ் என்ற அளவில் சொல்வார்கள். அப்படியான அறையில் 100 லக்ஸ் இருந்தாலே பெரிது. மழை கறுத்து நிற்கும் பகலில்கூட வெளியே 1,000 லக்ஸுக்கு மேலே இருக்கும். சாதாரண மூட்டம் என்றால் 10,000 வரைக்கும் போகும். கண் தன்னைச் சரிப்படுத்திக்கொள்வதால் இந்த வித்தியாசம் நமக்குத் தெரிவதில்லை. உள்ளேயும் மங்கல், வெளியேயும் மங்கல் என்று நினைக்கிறோம். உடம்புக்குத் தெரிகிறது. பார்வைக்கென்று அல்லாமல் மூளைக்கு நேரம் சொல்வதற்கென்றே சில உயிரணுக்கள் கண்ணின் உள்திரையில் இருப்பதை 2002 அளவில் கண்டுபிடித்தார்கள். காலை வெளிச்சம் அவற்றில் பட்டால்தான் தூக்கச் சுரப்பு ஒழுங்காக அடங்கி, இரவில் ஒழுங்காக எழும்.

ஆகவே செய்யவேண்டியது இது. எழும்பி ஒரு மணி நேரத்துக்குள் வெளியே போங்கள். எட்டு மணிக்கு முன்னர், அரை மணி நேரம். யன்னலோரம் நிற்பது போதாது. இஸ்தோப்பு பரவாயில்லை, ஆனால் கூரை தாழ்ந்திருந்தால் அதிலும் வானத்தின் பெரும்பகுதி மறைந்துவிடும். வானம் தலைக்கு மேலே திறந்திருக்கவேண்டும். சூரியனைத் தேடாதீர்கள், சூரியனை நேரே பார்க்கவும் கூடாது. முகில் முழுவதும்தான் உங்கள் விளக்கு. நான் தேத்தண்ணிக் கோப்பையோடு ஸ்டோர் ரோட்டில் இறங்கி, பாலம்வரை போய்த் திரும்புவேன். மழை என்றால் குடை. கறுப்புக் குடையை மாற்றி வெளிர் நிறக் குடை வாங்கிக்கொள்ளுங்கள். அதற்குள்ளே வெளிச்சம் இறங்கும். இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை, இரண்டு குடையும் மாற்றிப் பிடித்துப் பார்த்துத்தான் வாங்கினேன். அட்டை கடிக்காமல் இருக்க, காலில் சவுக்காரத்தைத் தேய்த்துக்கொண்டு இறங்கினால் போதும். புல்லில் ஓரமாக நடக்காதீர்கள்.

ஏழு நாளில் தூக்கம் மாறத்தொடங்கும். மனம் மாற எனக்கு இரண்டு மூன்று கிழமை எடுத்தது. இடையில் இரண்டு நாள் விட்டால் மூன்றாம் நாள் கால் நகராது. அதனால் ஒரு துணையோடு நடப்பது நல்லது. துணை இருந்தால் மனம் கேட்காவிட்டாலும் கதவைத் திறக்கவேண்டி வரும்.

கொழுந்தெடுக்கும் பெண்கள் பகல் முழுவதும் வெளியில்தானே நிற்கிறார்கள், அவர்களுக்கு ஏன் மந்தம் என்று கேட்கலாம். என் அம்மாவும் வெளியில்தான் நின்றார். அவர்களுக்கு வெளிச்சம் கிடைக்கிறது; ஆனால் நனைந்த ரெட்டுத் துணியும் விறைத்த விரலும் ஈரக் கம்பளியும் அவர்களை வேறு விதத்தில் உருக்குகின்றன. அவர்களிடம் போய் வெளியே நடங்கள் என்று சொல்வது கொடுமை. அவர்களுக்கு வேண்டியது மாலையில் உலர்ந்த உடுப்பும் சூடும். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

வீட்டில் செய்யக்கூடியவை சில. அடுப்படியும் படிக்கும் இடமும் வெள்ளைச் சுண்ணாம்பு கேட்கும். வருடத்துக்கொரு தடவை, சித்திரைப் புத்தாண்டுக்கு அடிக்கும் சுண்ணாம்பை நான் வைகாசிக்குத் தள்ளிவைத்துவிட்டேன். மழைக்கு முன்னர் சுவர் புதிதாக இருக்கும். கூரையில் ஒரு தகரத்தைக் கழற்றிவிட்டு அதே அளவில் வெளிச்சம் விழும் பிளாஸ்டிக் தகடு போட்டால் அறையே வேறு. ஒன்று போதும், அது பிள்ளைகள் படிக்கும் இடத்துக்கு மேலே வரட்டும். மாலையானால் மறுபக்கம்: விளக்கைக் குறைத்து, போனைத் தள்ளிவைக்கவேண்டும். பகல் முழுவதும் மங்கலில் இருந்துவிட்டு இரவு பத்து மணிக்குக் கண்ணுக்கு முன்னால் போன் வெளிச்சத்தைப் பிடிப்பதுபோல உடம்பைக் குழப்பும் வேலை வேறில்லை.

பின்லாந்தில் பல வீடுகளில் வெளிச்ச விளக்கு என்றே ஒரு பெட்டி இருக்கும். 10,000 லக்ஸ் தரும் விளக்கு. காலையில் காப்பி குடித்துக்கொண்டே, அதில் குறித்திருக்கும் தூரத்தில், பெரும்பாலும் ஒரு முழத்துக்குள், சுமார் 30 நிமிடம் முகத்துக்கு முன் வைத்திருப்பார்கள். நேரே உற்றுப் பார்க்கத் தேவையில்லை. மாலையில் பாவித்தால் தூக்கம் கெடும். மகள் எனக்கும் ஒன்று வாங்கித் தந்தாள், அங்கே இருந்தவரை தினமும் பாவித்தேன். இங்கே அது தேவைப்படவில்லை, நமது முகிலே அவ்வளவு தருகிறது. வாங்க நினைப்பவர்கள் இரண்டு விடயத்தைக் கவனிக்கவேண்டும். விழித்திரை நோய் உள்ளவர்களும், மனம் ஒரு காலம் மிகையாகக் கிளர்ந்தும் ஒரு காலம் விழுந்தும் போகும் நோய் உள்ளவர்களும் வைத்தியரைக் கேட்காமல் அதைத் தொடக்கூடாது. மற்றது, கூரையில் மாட்டும் சாதாரண எல்ஈடி பல்ப் எத்தனை வாட்ஸ் என்றாலும் அதற்கு ஈடாகாது. தூரம் கூடக்கூட வெளிச்சம் அவ்வளவு வேகமாகக் குறைகிறது.

சூடும் உலர்வும்

மகளின் வீட்டில் நான் முதலில் கற்ற ஒழுங்கு, கதவுக்குள் வந்ததும் ஈரமானதையெல்லாம் கழற்றுவது. அதற்கென்று வாசலில் ஓர் அறை. உலர்ந்த கம்பளி மேஸ், அதாவது காலுறை, ஒரு கூடையில் காத்திருக்கும். நாம் ஈரச் சேலையோடேயே அடுப்பு மூட்டுகிறோம், ஈரத் தலையோடேயே ரொட்டி தட்டுகிறோம். இதை மாற்றுவதற்குக் காசு அதிகம் வேண்டாம். அடுப்புக்கு மேலே ஒரு கம்பி, அதில் எப்போதும் ஆளுக்கொரு சோடி மேஸும் ஒரு துவாயும். மலையிலிருந்து வருபவர் முதலில் உலர்ந்ததை உடுத்தட்டும், பிறகு தேத்தண்ணி. எங்கள் வீட்டில் இதைக் கட்டாயமாக்கினேன். மிலாறு விறகை மழைக்கு முன்னரே கட்டி, கூரைக்கடியில் அடுக்கிவிட்டால் புகையும் பாதியாகும். ஈர விறகின் புகைக்குள் இருமிக்கொண்டு இருக்கும் வீட்டில் யாருக்கும் மனம் தெளியாது.

அங்கே சனிக்கிழமை சானா என்னும் ஆவிக் குளியல். பின்லாந்தின் மக்கள்தொகை 56 இலட்சமளவில். சானாக்கள் 30 இலட்சத்துக்கு மேலே என்கிறார்கள். 2020இல் யுனெஸ்கோ அந்த மரபைத் தன் பட்டியலில் சேர்த்தது. மகள் இருந்த மாடிக் கட்டடத்தில் கீழ்த்தளத்தில் எல்லாருக்கும் பொதுவாக ஒன்று இருந்தது. எனக்கு முதலில் கூச்சம். துவாயைச் சுற்றிக்கொண்டு மேல்படியில் உட்கார்ந்தேன். எண்பது பாகைச் சூடு. பக்கத்து வீட்டுப் பெரியம்மா ஒருவர் அடுப்புக் கற்களின்மேல் அகப்பையால் தண்ணீர் ஊற்றினார். ஆவி முதுகில் ஏறியது. அந்த ஆவிக்கு லோயிலு என்று தனிச்சொல் வைத்திருக்கிறார்கள். அவர் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. இருபது நிமிடம் நாங்கள் இருவரும் அப்படியே இருந்தோம். வெளியே வந்து தண்ணீர் குடித்தபோது என் கையை ஒரு தடவை தட்டிவிட்டுப் போனார். நான் அன்றிரவு அழுதேன். துக்கத்தால் என்று சொல்லமுடியாது. அம்மாவோடு அப்படி ஒரு நாளாவது பேசாமல் உட்கார்ந்திருக்கலாமே என்று தோன்றியது.

சானா நமக்கு வேண்டாம். சனிக்கிழமை இரவு பெரிய பானையில் வேப்பிலையோ நொச்சியிலையோ போட்டுக் காய்ச்சிய சுடுதண்ணீரில் குளிப்பது இருக்கிறதே, அதை ஒரு சடங்குபோல ஒழுங்காகச் செய்தால் போதும். அவசரமில்லாமல், ஆளுக்கு ஒரு நிறைய வாளி. குளித்த பிறகு அடுப்படியில் எல்லாரும் கொஞ்ச நேரம் இருக்கவேண்டும். தொலைக்காட்சி வேண்டாம்.

துக்கத்துக்கு இடம் கொடுப்பது

பின்லாந்துக்காரர்கள் துயர சுபாவம் உள்ளவர்கள் என்று அவர்களே சொல்லிக்கொள்கிறார்கள். அதே நாடு 2018 முதல் உலக மகிழ்ச்சி அறிக்கையில் தொடர்ந்து முதலிடத்தில் வந்துகொண்டிருக்கிறது. இரண்டும் எப்படிப் பொருந்தும் என்று எனக்கு அங்கே போகும்வரை விளங்கவில்லை. அவர்கள் துக்கத்தை ஒளிக்கவில்லை, அதற்காக மன்னிப்பும் கேட்கவில்லை. ஆர்ஜென்டினாவிலிருந்து வந்த டாங்கோ இசையை எடுத்து, சோகச் சுரங்களில் தமக்கென்று ஆக்கிக்கொண்டார்கள். 1985 முதல் செய்னயோக்கி என்ற ஊரில் அதற்கென்றே கோடையில் திருவிழா நடக்கிறது. நடனம் ஆடுபவர்களின் முகத்தில் சிரிப்பு இருக்காது. நமது காதுக்கு அது ஏறக்குறைய தெம்மாங்கும் ஒப்பாரியும் கலந்ததுபோல இருக்கும். நமக்குப் பழக்கமில்லாத ஒன்றல்ல. நமது பாட்டிகள் துக்கத்தைப் பாடத் தெரிந்தவர்கள். பாட்டை விட்டுவிட்டோம், துக்கம் மட்டும் மிச்சமிருக்கிறது.

நவம்பர் தொடக்கத்துச் சனிக்கிழமை ஒன்றில் இறந்தோர் நினைவு நாள் வரும். இருட்டியதும் மகள் என்னைக் கல்லறைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனாள். ஒவ்வொரு கல்லின் முன்னும் மெழுகுவர்த்தி. ஆயிரக்கணக்கில். சனம் நடமாடுகிறது, சத்தம் இல்லை. ஒரு மூலையில், வேறிடத்தில் அடக்கம் செய்யப்பட்டவர்களுக்கென்று தனியாக ஒரு நினைவிடம் வைத்திருந்தார்கள். தூரத்தில் கிடக்கும் தம் ஆட்களுக்காக யாரும் அங்கே விளக்கு வைக்கலாம். நான் அம்மாவுக்கு ஒன்று வைத்தேன். அம்மாவைப் புதைத்த இடம் இப்போது தேயிலைக்குள் இருக்கிறது. எந்தச் செடிக்குக் கீழே என்று அண்ணனுக்கு மட்டும்தான் தெரியும்.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்ட வழி: மழை மாதங்களில் துக்கத்துக்கென்று ஒரு நேரம் ஒதுக்குங்கள். கிழமைக்கு ஒரு மாலை, ஒரு மணி நேரம். எனக்கு வெள்ளிக்கிழமை, விளக்கு வைத்த பிறகு. அம்மாவின் படத்தையோ, நினைக்கவேண்டியவரின் பொருளையோ எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். பாடத் தெரிந்தால் பாடுங்கள். அழுகை வந்தால் அழுங்கள். கூட ஒருவர் இருந்தால் இன்னும் நல்லது, ஆறுதல் சொல்லவேண்டாம் என்று அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மணி முடிந்ததும் எழும்பி இராச்சாப்பாட்டு வேலையைப் பாருங்கள். துக்கம் மற்ற நாட்களிலும் வரும். வெள்ளிக்கிழமை இருக்கிறது என்று அதற்குச் சொல்ல முடிகிறது. ஆடி அமாவாசையில் அப்பாவை நினைக்க நமது பஞ்சாங்கமே ஒரு நாளைக் குறித்துத் தந்திருக்கிறது, அதுவும் சரியாக இந்த மழைக்குள். நமது முன்னோருக்கும் இது தெரிந்திருந்தது என்றுதான் நினைக்கிறேன்.

வீட்டில் ஒருவர் ஆடியில் பேச்சைக் குறைத்தால் அவரைப் பேசவைக்கப் பாடுபடாதீர்கள். ஊலுவில் பஸ் தரிப்பிடத்தில் சனம் ஆளுக்கு ஆள் தள்ளித்தான் நிற்கும். ஆரம்பத்தில் கோபமாக்கும் என்று நினைத்தேன். அது மற்றவருக்கு விடும் இடம். அம்மாவின் மௌனத்தை அப்படிப் பார்த்திருக்கலாம் நாங்கள். பக்கத்தில் உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக் கொடுங்கள். அவர் பேசும்போது கேளுங்கள்.

பயம் வேறு. மழை மூன்று நாள் விடாமல் அடித்தால் மண் சரியுமோ என்று வரும் நெஞ்சடைப்பை மனச்சோர்வோடு சேர்க்கவேண்டாம். மீரியபெத்தை மண்சரிவை 2014இல் பார்த்த பிறகு அந்தப் பயத்துக்கு நியாயம் இருக்கிறது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று அறிவித்தல் விடும். சிவப்பு என்றால் வெளியேற வேண்டும். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், மருந்து எல்லாம் ஒரு பிளாஸ்டிக் பையில் கதவோரம் இருக்கட்டும். அனர்த்த இலக்கம் 117. பை தயாராக இருந்தால் தூக்கம் வரும்.

வெயிலைத் தேடிப் போவது

நமக்கு இருக்கும், பின்லாந்துக்காரருக்கு இல்லாத ஒரு வசதி இது. நமது பக்கம் தென்மேல் பருவமழையில் நனையும் அதே ஜூன், ஜூலையில் மலையின் மறுபக்கம் ஊவா காய்ந்து கிடக்கும். ஹட்டனில் காலைக் கோச்சியைப் பிடித்துப் பதுளைப் பக்கம் போங்கள். தலவாக்கலை, நானுஓயா, அம்பேவெலை எல்லாம் மூட்டமாகத்தான் இருக்கும். பட்டிப்பொலையைத் தாண்டிச் சுரங்கத்துக்குள் நுழைந்து ஓஹியப் பக்கம் வெளியே வரும்போது, பல நாட்களில் மழை பின்னாலேயே நின்றுவிடும். நான் முதன்முதலில் அதைக் கவனித்தது பயிற்சிக்காகப் பண்டாரவளை போனபோது. பெட்டியில் இருந்த எல்லாரும் ஒரே நேரத்தில் யன்னல் பக்கம் திரும்பினார்கள். அப்புத்தளையில் இறங்கி, வெயிலில் இரண்டு மணி நேரம் இருந்து, பாணும் சம்பலும் சாப்பிட்டுவிட்டுத் திரும்பலாம். காற்று பலமாக இருக்கும், தலைக்குத் துணி வேண்டும். கோச்சிப் பாதை மூடியிருந்தால் நுவரெலியாவிலிருந்து வெலிமடைக்கு பஸ்ஸில் இறங்கினாலும் அதே வெயில். மாதத்துக்கு ஒரு தடவை, முடியாவிட்டால் மழைக்காலத்துக்கு ஒரு தடவையாவது. புதிதாக வந்த ஆசிரியர்களிடம் நான் முதலில் சொல்வது இதுதான்.

இன்னொரு வழியும் அங்கிருந்து கொண்டுவந்தேன். இருட்டில் நடப்பவர் ஒளியைத் திருப்பியடிக்கும் சிறு தகடு அணியவேண்டும் என்று பின்லாந்தில் சட்டமே இருக்கிறது. கோட்டில் நூலில் தொங்கும். வாகன விளக்கு பட்டதும் மின்னும். நமது ரோட்டில் மூட்டத்துக்குள் பாடசாலை போகும் பிள்ளைகளின் பையில் அப்படி ஒரு பட்டியைத் தைத்துவிட்டேன், பிறகு பக்கத்து லயங்களில் பலர் தைத்தார்கள். மூட்டத்துக்குப் பயந்து காலை நடையை நிறுத்தியவர்களுக்கும் இது வேண்டும்.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. மாவைக் குறைத்து முட்டை, பருப்பு, நெத்தலி, கீரை. பின்லாந்துக்காரர் உலகிலேயே அதிகம் காப்பி குடிப்பவர்களில் சேர்ந்தவர்கள். நமது மலைகளில் முதலில் நட்டதும் காப்பிதான், 1869இல் இலைநோய் வந்து அழியும்வரை. அந்தக் காப்பிக்குக் காடு வெட்டிய சனத்தின் பேத்தி அங்கே காப்பி குடித்துக்கொண்டு வீட்டை நினைத்தேன். பிற்பகல் இரண்டுக்குப் பிறகு காப்பியும் கடும் சாயமும் வேண்டாம், தூக்கத்தைக் கெடுக்கும்.

மலைநாட்டிலிருந்து பின்லாந்து போகும் பிள்ளைகளுக்குச் சுருக்கமாக. ஒக்டோபர் தொடங்கி மார்ச் வரை அங்குள்ள வெயிலால் தோலில் விட்டமின் டி உண்டாகாது. பாலில் சேர்த்திருப்பார்கள், 2003 முதல் அப்படி. பாலும் மீனும் ஒழுங்காக எடுக்காத பெரியவர்களுக்கு நாளுக்கு 10 மைக்ரோகிராம் என்று அங்கே பரிந்துரைக்கிறார்கள்; நமது நிறத்துக்கு இதைச் சுகாதார நிலையத்தில் கட்டாயம் கேளுங்கள். ஒவ்வொரு ஊரிலும் மாலை வகுப்புகள் நடத்தும் நிலையங்கள் உண்டு, நெசவு, பாட்டு, மரவேலை எல்லாம் இருக்கும். செப்டம்பரிலேயே சேர்ந்துவிடுங்கள், நவம்பரில் சேர மனம் வராது. ஒக்டோபர் கடைசி ஞாயிறு மணிக்கூட்டை ஒரு மணி பின்னே தள்ளுவார்கள். அன்றிலிருந்து நமக்கும் அங்கேயும் மூன்றரை மணி வித்தியாசம். அம்மாமார் அழைக்கும் நேரத்தை மாற்றிக்கொள்ளவேண்டும்.

எப்போது உதவி தேடவேண்டும்

மேலே சொன்னதெல்லாம் மந்தத்துக்கு. இரண்டு கிழமைக்கு மேலாக எதிலும் விருப்பமில்லை, சாப்பாடோ தூக்கமோ அடியோடு மாறிவிட்டது, வேலைக்கு எழும்ப முடியவில்லை என்றால் அதை வைத்தியர் பார்க்கவேண்டும். செத்துப்போகலாம் என்ற நினைவு வந்தால் இரண்டு கிழமை காத்திருக்கவேண்டாம், அன்றே. இலங்கையில் 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம், தேசிய மனநல நிறுவனத்தின் சேவை அது. பெரிய ஆஸ்பத்திரிகளில் மனநல கிளினிக் உண்டு. நான் போயிருக்கிறேன். முதல் தடவை போன இடத்தில் என்னை ஐந்து நிமிடத்தில் அனுப்பிவிட்டார்கள், மனம் உடைந்து திரும்பினேன். இரண்டாவதாக வேறிடம் போனேன். அங்கே ஒருவர் முக்கால் மணி நேரம் கேட்டார். முதல் இடத்தோடு நிறுத்தியிருந்தால் என்னவாகியிருக்கும் என்று தெரியாது.

அவர்கள் சுபாவமே அப்படி, நமது சனமே அப்படி என்று கைவிடுவது பிழை. பின்லாந்தில் தற்கொலைகள் மிக அதிகமாக இருந்தன. 1986இல் அதற்கென்று நாடளாவிய திட்டம் தொடங்கினார்கள். 1990இல் உச்சத்தில் இருந்த வீதம் இன்று பாதியாகவோ அதற்கும் கீழாகவோ இறங்கிவிட்டது. அதே இருட்டு, அதே நவம்பர், அதே சனம்.

இந்த வருடமும் வெசாக் முடிந்து மலை விளக்கு அணைந்த மறுநாள் சுண்ணாம்பு அடித்தேன். மிலாறு கட்டியாயிற்று. மேஸ் கம்பியில் தொங்குகிறது. லயத்தின் கடைசி வீட்டு அக்கா போன வருடம் வீட்டுக்காரரை இழந்துவிட்டார். காலையில் என்னோடு நடக்க வருவதாகச் சொல்லியிருக்கிறார். ஆறே முக்காலுக்குக் கதவைத் தட்டுவார். அவரிடம் கறுப்புக் குடைதான் இருக்கிறது. மஸ்கெலியா டவுனில் வெளிர் மஞ்சளில் ஒன்று பார்த்துவைத்திருக்கிறேன்.